கரைமேல் ஓட்டம்



போன இதழில் ஜாகிங் பற்றி வந்த மருத்துவக் கட்டுரைக்கு இத்தனை கடிதம் வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலான கடிதங்களில் ஒரே கேள்விதான். முழங்காலைப் பற்றிச் சொன்னீர்கள், மூச்சைப் பற்றிச் சொன்னீர்கள், எந்த ஷூ வாங்குவது என்றுகூடச் சொன்னீர்கள். எங்கே போய் ஓடுவது என்று சொல்லவில்லையே? தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கொஞ்சம் காரமாகவே கேட்டிருந்தார். அவர் ஊர்ப் பூங்காவில் ஊஞ்சல் மாட்டும் கம்பி இருக்கிறதாம், ஊஞ்சல் இல்லையாம். அந்தக் கம்பியைச் சுற்றி வரவா என்கிறார்.

நியாயமான கேள்வி. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன். காலமும் தோதாக அமைந்திருக்கிறது. மார்கழி பிறந்துவிட்டது. மழை ஓய்ந்து, ஏரி குளங்களில் தண்ணீர் நிற்கிறது. நம் ஊரில் சட்டை பிழியப் பிழிய நனையாமல் ஓட வாய்ப்பது வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான். மாசி பிறப்பதற்குள் அனுபவித்துவிட வேண்டும்.

பூங்காக்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சென்னைவாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் கண்ட காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் இருப்பது. அண்ணா நகரில் டவர் பூங்கா. 1968-ல் நடந்த சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரம் நிற்பது. இரண்டிலும் மரம் உண்டு, நிழல் உண்டு, காலை ஆறரைக்கு மேல் கூட்டமும் உண்டு. எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவார்கள். எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், அன்றைக்கே பூங்கா முழுக்க உங்களைத் தெரிந்துவிடும். நடப்பதற்கு அருமையான இடங்கள்தான். ஓடுகிறவருக்குச் சுற்று போதாது. நாலாவது சுற்றில் அதே பெஞ்சு, அதே சிரிப்போர் மன்றம், வாசலில் அதே அருகம்புல் சாறு. கோவை ரேஸ்கோர்ஸ் பரவாயில்லை. சுற்று இரண்டரை கிலோமீட்டர் இருக்கும், தலைக்கு மேல் பெரிய பெரிய மரங்கள். குதிரைப் பந்தயம் பெயரில் மட்டும் மிச்சம்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 1882-ல் சபை அந்த இடத்தை வாங்கியதிலிருந்து வளர்ந்து வந்த தோப்பு. அங்கே இருக்கும் ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் சாய்ந்த பிறகும் விழுதுகளே மரமாகி நிற்கின்றன. அனுமதி நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். ஆனால் அங்கே போனால் ஓடத் தோன்றாது. கால் தானாக மெதுவாகிவிடும். மெதுவாகவே போங்கள்.

மலையில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடைக்கானல் ஏரிச்சாலை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திர வடிவத்தில் நாலா பக்கமும் கை நீட்டிக் கிடப்பதால், சுற்றிவரும் சாலையும் ஒவ்வொரு கைக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறது. மொத்தம் ஐந்து கிலோமீட்டர் சுற்று. எந்த வளைவிலும் முழு ஏரியும் கண்ணில் படாது. இது முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு கை திறக்கும். விடியற்காலையில் தண்ணீர்மேல் பஞ்சுப்பொதியாகக் கிடக்கும் மூடுபனி ஏழு மணிக்கு மெல்லக் கலைய ஆரம்பிக்கும். அதற்குள் ஓடி முடித்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் குதிரை, வாடகை சைக்கிள், சுற்றுலா வேன் என்று சாலை வேறு யாருக்கோ சொந்தமாகிவிடும். ஏழாயிரம் அடி உயரம் என்பதையும் மறக்க வேண்டாம். சமவெளியில் சர்வசாதாரணமாக அரைமணி நேரம் ஓடுகிறவருக்கும் அங்கே சீக்கிரமே மூச்சு வாங்கும். முதல் நாள் நடந்து பாருங்கள், மறுநாள் ஓடலாம்.

இதெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு. ஓடுவதற்கென்றே யாரோ போட்டுவைத்த மாதிரி ஒரு பாதை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. அதை ஓடுபாதை என்று யாரும் சொல்வதில்லை. வடக்கே ஏரிக்கரை, மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்க்கரை, நெல்லை, நாஞ்சில் நாட்டில் குளத்தங்கரை. 39,000-க்கும் மேல் ஏரி, கண்மாய், குளங்கள் தமிழ்நாட்டில் இருப்பதாகக் கணக்கு. தூர்ந்தது, பட்டா போட்டது, பஸ் நிலையம் கட்டியது எல்லாவற்றையும் கழித்தாலும், இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலானவர்களுக்கு அரைமணி தூரத்துக்குள் ஒரு கரை இருக்கும்.

கரை ஏன் ஓட்டத்துக்கு இவ்வளவு பொருந்துகிறது? சரிந்து வரும் நிலத்தில் தண்ணீரை மறிக்க வேண்டுமென்றால், சரிவின் குறுக்கே நில மட்டத்தை அனுசரித்து வளைத்துத்தான் கரை போட வேண்டும். அதனால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்காது. ஓடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பத்துப் பதினைந்து அடி பள்ளத்தில் ஆயக்கட்டு வயல். நீங்கள் நடுவில் உயரத்தில் போகிறீர்கள். தண்ணீரைத் தடவி வரும் காற்று நேரே முகத்தில் அடிக்கும். மண் அரிக்காமல் இருக்கப் பெரியவர்கள் பனையும் வேம்பும் புங்கனும் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் வயதான புளியும் நாவலும் நிற்கும். தலைமுறை தலைமுறையாக மாடும் வண்டியும் மனிதர்களும் மிதித்து மிதித்து மண் இறுகியிருக்கிறது, ஆனால் கல்லாகிவிடவில்லை. சிமென்ட் நடைபாதையில் ஓடிவிட்டு மறுநாள் கரையில் ஓடிப் பாருங்கள். வித்தியாசத்தை உங்கள் முழங்காலே சொல்லும்.

நீளத்துக்கும் குறைவில்லை. வீராணம் ஏரி 14 கிலோமீட்டர் நீளம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. இன்றைக்கும் வடவாற்றின் வழியாகத் தண்ணீர் வாங்கிக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக்குப் பாய்ச்சுவதோடு, 2004-லிருந்து சென்னைக்கும் குடிக்கக் கொடுக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே அந்தக் கரையில்தான். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். குதிரைக்குத் தோதான பாதை மனிதக் காலுக்கும் தோதானதுதான். ராமநாதபுரம் சீமையில் ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். அதன் கரையை ஒரே மூச்சில் நாரையாலும் பறந்து கடக்க முடியாதாம். மாரத்தான் ஓட ஆசைப்படுகிறவர்கள் அந்த ஊர்ப்பக்கம் சொந்தம் தேடிக்கொள்ளலாம்.

நான் அதிகம் ஓடியிருப்பது சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில். பெயர் சொல்ல வேண்டாம். சொன்னால் அடுத்த வாரம் அங்கே செல்ஃபி எடுக்கக் கூட்டம் சேர்ந்துவிடும். கரையின் ஒரு முனையில் அய்யனார், பக்கத்தில் மண்குதிரைகள். அவற்றில் பாதிக்கு மூக்கு உடைந்திருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் மடை. கரையிலிருந்து பத்தடி தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், நடுவே குறுக்குக் கல்லில் துளை. அந்தத் துளை வழியாகக் கம்பை இறக்கித்தான் தூம்பை அடைப்பதும் திறப்பதும். தண்ணீர் ஒவ்வொரு வருஷமும் எந்த மட்டம் வரை நின்றது என்பது தூண்களில் பட்டை பட்டையாகத் தெரியும். புதுக்கோட்டைப் பக்கம் போனால் இந்த மாதிரித் தூண்களிலேயே கல்வெட்டு இருக்கும். தூம்பைப் போட்டுக் கொடுத்தவர் பெயர் ஆயிரம் வருஷமாகத் தண்ணீரில் நிற்கிறது.

உங்களைக் கண்டதும் முதலில் சத்தம் போடுவது ஆள்காட்டிப் பறவைதான். தூரத்தில் ஒரு புள்ளியாக நீங்கள் தெரியும்போதே எழுந்து தலைக்கு மேல் வட்டமடித்து, கண்மாய் முழுக்கத் தகவல் சொல்லிவிடும். அதன் பிறகு தாழைக்கோழி கோரைக்குள் ஒளியும். முக்குளிப்பான் தலையைக் கீழே போட்டு அமிழ்ந்துபோய் எங்கோ இருபதடி தள்ளி எழும். நத்தைக்குத்தி நாரை மட்டும் அசையாது. பிளந்த அலகை வைத்துக்கொண்டு வயலோரச் சேற்றில் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் கரைக்கு வரும்போதாவது அதைக் கழற்றி வையுங்கள்.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்மாய்க்கரையில் ஒருவன் ஓடுகிறான் என்றால் ஏதோ அவசரம் என்றுதான் ஊர் நினைக்கும். ஒரு நாள் பின்னாலிருந்து டி.வி.எஸ். எக்ஸெல் சத்தம். பால்கேன் கட்டிய வண்டியில் ஒரு இளைஞர். பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"ஏறிக்கங்கண்ணே. எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல தம்பி. சும்மாதான் ஓடுறேன்."

"சும்மாவா?" மேலும் கீழும் பார்த்தார். "சுகராண்ணே?"

"இல்லப்பா."

"அப்ப பிரஷரா?"

இல்லை என்று சொல்லியும் அவருக்குச் சமாதானமாகவில்லை. டாக்டர் சொல்லாமல் ஒருவன் எதற்கு ஓட வேண்டும்? மூச்சு வாங்க நான் சொன்ன விளக்கத்தை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு, "சரிண்ணே, கலுங்குப் பக்கம் வழுக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த எச்சரிக்கையை உங்களுக்கும் கடத்துகிறேன். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம் கலுங்கு. நட்டுவைத்த குத்துக்கற்களுக்கு நடுவே தண்ணீர் பாயும்போது பார்க்க அழகு. தளம் முழுக்கப் பாசி. அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

ஆனால் ஊரில் ஓடுகிறவர்களே இல்லை என்று சொன்னால் அது பொய். விடிவதற்கு முன்னால் போனால் பார்க்கலாம்: போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகள். தமிழ்நாட்டுக் கிராமங்களின் உண்மையான ஓட்டக்காரர்கள் இவர்கள்தான். எந்த மாரத்தான் பட்டியலிலும் இவர்கள் பெயர் வராது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில். ராணுவத்துக்கு 1.6 கிலோமீட்டர். ஊரில் மைதானம் கிடையாது, கரைதான் மைதானம். ஒரு பனைமரத்தில் சுண்ணாம்பால் கோடு, தூரத்தில் இன்னொரு மரத்தில் இன்னொரு கோடு, அதன் பக்கத்தில் '1500'. பைக்கின் கிலோமீட்டர் முள்ளை வைத்து அளந்தார்களாம். ஒருவன் செல்போனில் நேரம் பார்ப்பான், நாலு பேர் வெறுங்காலோடு ஓடுவார்கள். ஷூ இருப்பது ஒருவனிடம்தான். யார் அன்றைக்கு வேகம் பார்க்கிறார்களோ அவர்களுக்கு அந்த ஷூ. தேர்வு அறிவிப்பு வந்த மாதங்களில் கரையில் இருபது பேர் இருப்பார்கள். முடிவு வந்த மாதத்தில் நாலைந்து பேர். அவர்களும் அடுத்த அறிவிப்புக்காக ஓடுகிறவர்கள். உடம்பு இளைக்க ஓடும் நாம் அவர்களுக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. செம்மண் கரை மழை நின்ற மறுநாளே ஓடத் தயாராகிவிடும். தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே லேசாகச் சொரசொரப்பாக நிற்கும். சிவகங்கை, புதுக்கோட்டைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கரிசல் வேறு ஜாதி. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மழைக்கு மறுநாள் கரையேறினால், அடிக்கு அடி ஷூவில் மண் அப்பி, பத்தாவது அடியில் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ ஏறியிருக்கும். அங்கே நாலு நாள் வெயில் காயட்டும். காய்ந்த கரிசல் வெடித்து வாய் பிளந்து நிற்கும், கணுக்காலைப் பிடுங்கிவிடும். ஆக, கரிசலில் ஓட ஏற்றது அந்த இரண்டுக்கும் நடுவே வரும் சில வாரங்கள். தலைமையாசிரியர் ஐயா, உங்கள் ஊர் கரிசல் என்று கடித உறையைப் பார்த்தாலே தெரிகிறது. தை பிறந்ததும் இறங்குங்கள்.

டெல்டாக்காரர்களுக்கு ஏரியைவிட ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் சௌகரியம். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்தது கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது இன்னும் 'புது ஆறு'தான். கரிகாலன் பெயரைச் சொல்லும் கல்லணை இருக்கும் ஊரில் தொண்ணூறு வயது ஒரு வயதா? கல்லணையிலிருந்து தஞ்சை வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் வரை போகிற அதன் கரையில் எந்த இடத்தில் ஏறினாலும் ஓடலாம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அந்த ஏழரை மாதமும் தண்ணீர் பக்கத்தில் கூடவே வரும். நீரோட்டத்தோடு போய் எதிர்த்துத் திரும்பினால், மனத்துக்கு என்னவோ திரும்பும் தூரம் அதிகமாகத் தோன்றும். நான் எப்போதும் எதிர்த்தே ஆரம்பிப்பேன்.

நெல்லையில் எனக்குப் பிடித்தது கன்னடியன் கால்வாய்க் கரை. தாமிரபரணியிலிருந்து பிரிந்து சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் போகிற வாய்க்கால். ஒரு பக்கம் வாழையும் நெல்லும், மேற்கே தலைநிமிர்ந்தால் பொதிகைமலை. பத்தமடைப் பாய்க்கான கோரை இந்த ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்ததுதான். இங்கே ஓடுகிறவருக்கு ஒரு மரியாதை முக்கியம். காலை ஆறிலிருந்து எட்டு வரை வாய்க்கால்தான் ஊரின் குளியலறை. படித்துறையில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் மூச்சிரைத்துக்கொண்டு குறுக்கே ஓடாதீர்கள். முன்னாலேயே திரும்பிவிடுங்கள், அல்லது வயல் வரப்பில் இறங்கிச் சுற்றிப் போங்கள். ஐந்தரைக்கே ஓடி முடித்துவிட்டு நீங்களும் அதே தண்ணீரில் இறங்கிக் குளித்தால் இன்னும் உத்தமம்.

வேகத்தைப் பற்றி எங்கள் மருத்துவர் எழுதியதே போதும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஜாகிங் என்று உலகம் முழுக்கப் பரவியது பந்தய மைதானத்தில் தொடங்கிய சங்கதி அல்ல. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர் தன் வீரர்களை ஆக்லாந்து மலைப்பாதைகளில் ஓடவிட்டுத்தான் ஒலிம்பிக் தங்கம் வாங்கவைத்தார்; பீட்டர் ஸ்னெல் அவருடைய மாணவர். பிறகு நடுவயதுக்காரர்களையும் இருதய நோயாளிகளையும் மெதுவாக ஓடப் பழக்கினார். 1962-ல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அவர்களோடு ஓடிப் பார்த்தார். இருதய நோய் கண்ட, எழுபதைத் தாண்டியவர் ஒருவர் தன்னைவிட எளிதாக ஓடுவதைப் பார்த்து அசந்துபோனார். ஊர் திரும்பி, 1967-ல் ஓர் இருதய மருத்துவரோடு சேர்ந்து ஜாகிங் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் அமெரிக்காவை ஓடவைத்தது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். கரையில் பேச ஆளா இல்லை?

இனி, குறைகள். மறைத்துப் பயனில்லை. முதலாவது, பாட்டில். ராத்திரி கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, காலி பாட்டிலை மடைக்கல்லில் உடைத்துவிட்டுப் போகிற வீரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெறுங்காலோடு ஓடும் அந்தப் போலீஸ் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. இரண்டாவது, சீமைக்கருவேல முள். ஷூவின் அடியில் புகுந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், மூன்றாம் நாள் பாதத்தைத் தொடும். ஓடி முடித்ததும் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்து ஊக்கால் கிளறி எடுத்துவிடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நில்லுங்கள், கல்லை எடுப்பதுபோலக் குனியுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் கரையேற வேண்டாம். பாம்புக்கும் கரைதான் மேடு. கரையின் சில பகுதிகளைக் காலையில் ஊர் எதற்குப் பயன்படுத்துகிறது என்பதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. மூக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

பெண்கள் தனியாக ஓடலாமா என்று திருவண்ணாமலைப் பக்கத்து வாசகி கேட்டிருந்தார். ஆளில்லாத கரையில் விடியற்காலை இருட்டில் வேண்டாம் அம்மா. இப்படிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் அதுதான் நிலவரம். மூன்று நாலு பேர் சேர்ந்து போங்கள். போலீஸ் தேர்வுக்கு ஓடும் பெண்பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். நகரங்களில், கோவை வாலாங்குளம் மாதிரி விளக்கு போட்ட குளக்கரைகளில் இந்தக் கவலை குறைவு. அங்கே வேறொரு கவலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நேரமாகக் காத்திருந்தேன்.

ஏரியை 'அழகுபடுத்துவது' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆக்கிரமிப்பை எடுத்து, சாக்கடையைத் திருப்பி, ஆகாயத்தாமரையை அள்ளும் வரை நானும் கை தட்டுகிறேன். அதோடு நிற்பதில்லையே. கரைமேல் பேவர் பிளாக், கிரானைட் பெஞ்சு, ஊர்ப் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் வைத்த பெரிய எழுத்துகள். கரையை அகலப்படுத்தத் தண்ணீர்ப் பக்கம் மண் கொட்டி, ஏரியிலேயே கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறார்கள். வேம்பை வெட்டிவிட்டுத் தொட்டியில் குரோட்டன்ஸ் வைக்கிறார்கள். ஓடுகிறவனுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. மழை பெய்தால் பேவர் பிளாக் வழுக்கும், வெயில் அடித்தால் சுடும், ஒரு கல் பெயர்ந்தால் கால் இடறும். கல்லணைக் கால்வாய்க்குக் கான்கிரீட் பூசியபோது, தண்ணீர் நிலத்தில் ஊறாதே என்று விவசாயிகள் சண்டைக்குப் போனார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். மண் கரையாக இருப்பது பாசனத்துக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது, செலவும் குறைவு.

கரையைப் பார்த்துக்கொள்வது நமக்கொன்றும் புதிதல்ல. உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலைத் தேர்தல் பற்றி எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அதில் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். மதுராந்தகத்தில் பெருமாளுக்கே பெயர் ஏரிகாத்த ராமர். கரை உடையும் போலிருந்த மழை ராத்திரியில் தம்பியோடு வந்து காவல் நின்றதாக ஊர் சொல்கிறது. குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியோடு இறங்கிய வழக்கம் நின்றுபோய், 2017-ல் அரசுத் திட்டமாக மறுபடி வந்தது. ஓடுகிறவர்கள் தினமும் கரையை முழுக்கப் பார்க்கிறவர்கள். எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே நண்டுவளை வழியாகத் தண்ணீர் கசிகிறது, எங்கே ராத்திரியோடு ராத்திரியாக மண் அள்ளியிருக்கிறார்கள் என்பது ஊர்ப் பெரியவருக்கு அடுத்தபடி உங்களுக்குத்தான் தெரியும். ஊரில் பாசனத் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டி இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊராட்சியில் சொல்லுங்கள். போகும்போது ஒரு சாக்குப்பை கொண்டுபோய் நாலு பாட்டிலைப் பொறுக்கினால் யாரும் தடுக்கப்போவதில்லை.

இப்போது உங்கள் முறை. உங்கள் ஊர்க் கரையைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். மாசி இதழில் இரண்டு பக்கம் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று ஆரம்பிக்கும் கடிதங்களைத் துணையாசிரியர் என் மேசைக்கே அனுப்ப மாட்டார். எந்தப் பக்கமிருந்து ஏற வேண்டும், கரை எவ்வளவு நீளம், மண் எப்படி, கலுங்கு எந்த மாதம் வழியும், நிழல் எதுவரை, நாய் எத்தனை, அவற்றில் எது உண்மையிலேயே கடிக்கும், இதையெல்லாம் எழுதுங்கள். கரை இறங்கும் இடத்தில் டீக்கடை இருந்தால் அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்